காலை 6.25 மணிக்கு ஒரு வேலை

குரோம்பேட்டை எம்.ஐ.டி. என்றதும் அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும்தான் பலருக்கு நினைவுக்கு வருவார்கள். அந்த வளாகத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அங்குள்ள ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் சென்னை சி-டாக்கும் சேர்ந்து நடத்த, கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் 2005-ல் உருவானது. அந்த முயற்சியில் 2007 ஜனவரியில் வெளிவந்தது 'பாஸ்' லினக்ஸ் இயங்குதளம். தமிழக அரசு 2011-ல் மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு அதுவும் இருந்தது.

பாஸின் அடித்தளம், 1993-ல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன். ஆகவே அதன் பராமரிப்பு முறையும் டெபியனுடையதுதான். யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில் அமைப்புக் கோப்புகள் பெரும்பாலும் 'ஈடிசி' என்ற கோப்புறையில், யாரும் திறந்து படிக்கக்கூடிய வெறும் எழுத்துகளாக இருக்கும். இந்த எளிமையே பெரிய வசதி. ஆபத்தும் அதில்தான். வீட்டுக்கணக்கு, பால்கணக்கு, சீட்டுக்கணக்கு எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதியதுபோல, ஒரே பெரிய கோப்பில் ஆளாளுக்குத் திருத்திவைத்தால் எந்த வரியை யார், எதற்காகச் சேர்த்தார்கள் என்று பிறகு தெரியாது.

டெபியன் இதற்கு நல்ல வழி வைத்திருக்கிறது. பெரிய கோப்பைத் தொடாமல், அதற்குரிய துணைக் கோப்புறையில் நம் சிறிய கோப்பைப் போட்டுவிடலாம். உதாரணமாக, கணினியின் அன்றாடப் பதிவேடுகள் வட்டை நிரப்பிவிடாமல் பார்த்துக்கொள்ளும் 'லாக்ரொடேட்' வாரம் ஒருமுறை அவற்றை மாற்றி, பழையவற்றில் நான்கை மட்டும் வைத்துக்கொள்ளும். ஒரு மென்பொருளின் பதிவேட்டுக்கு மட்டும் வேறு கணக்கு வேண்டுமா? அதற்கென்று தனிக் கோப்பு போதும். மேம்படுத்தும்போதும் இது கைகொடுக்கும். மூலக் கோப்பைத் திருத்தியிருந்தால், "உங்களுடையதை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா?" என்று கணினி கேட்டு நிற்கும். தனிக் கோப்பென்றால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

குறித்த நேரத்து வேலைகளுக்கும் இதே முறைதான். அவற்றைப் பார்ப்பது 'கிரான்'. டெபியனில் தினசரி வேலைகள் காலை 6.25-க்கும், வார வேலைகள் ஞாயிறு 6.47-க்கும் தொடங்கும். இரவும் பகலும் ஓடும் சர்வருக்கு இது சரி. மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் ஒன்பது மணிக்குக் கடை திறந்து கணினியைப் போடுகிறவருக்கு 6.25 எப்படி உதவும்? அதற்காகவே 'அனாகிரான்' இருக்கிறது. கணினி அணைந்திருந்த நேரத்தில் விட்டுப்போன தினசரி வேலையை, கணினி இயங்கத் தொடங்கிய சில நிமிடங்களில் அது செய்துமுடிக்கும்.

இங்கே பலரைத் திணறவைக்கும் நுட்பம் ஒன்று உண்டு. தினசரி வேலைகளுக்கான துணைக் கோப்புறையில் போடும் நிரலின் பெயரில் புள்ளி இருக்கக் கூடாது. 'பேக்கப்.எஸ்ஹெச்' என்று வைத்தால் டெபியன் பிழைச்செய்தி எதுவும் காட்டாமல் அதைத் தாண்டிப் போய்விடும். வெறும் 'பேக்கப்' என்று வைத்தால் ஓடும். நகல் எடுக்கப்படுகிறது என்று நம்பிக்கொண்டே மாதக்கணக்கில் நகலில்லாமல் இருக்க இந்த ஒரு புள்ளி போதும்.

ஈடிசியின் மாற்றங்களைக் குறித்துவைக்க, டெபியன் உருவாக்குநர்களில் ஒருவராக இருந்த ஜோயி ஹெஸ் எழுதிய 'ஈடிசிகீப்பர்' இருக்கிறது. மென்பொருள் நிறுவும்போதெல்லாம் அது கோப்புறையின் நிலையை, மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் 'கிட்' களஞ்சியத்தில் பதிந்துகொள்ளும். நாள்தோறும் தானாகவும் பதியும். போன வாரம் என்ன மாறியது என்பதை வரிவரியாகப் பார்க்கலாம்.

ஆனால் களஞ்சியமும் அதே வட்டில்தான் இருக்கிறது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் புகுந்ததைப் பார்த்த புறநகர்க்காரர்களுக்கு இதன் பொருள் சொல்லாமலே புரியும். ஈடிசிகீப்பரின் அமைப்பில் ஒரு வரி சேர்த்தால், ஒவ்வொரு பதிவும் வேறிடத்திலுள்ள கணினிக்கும் தானாகப் போகும். அந்தக் கணினி நம் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். பயனர்களின் கடவுச்சொற்கள் மறையாக்கப்பட்ட வடிவில் ஈடிசிக்குள்தான் இருக்கின்றன. எனவே பொதுக் களஞ்சியத்தில் ஈடிசியை ஒருபோதும் வைக்கக் கூடாது.