எழ மறுக்கும் மடிக்கணினி

பொத்தானை அழுத்தியும் மடிக்கணினி எழாவிட்டால், "உள்ளே இருந்ததெல்லாம் போயிற்று" என்பதே இல்லங்களில் முதலில் எழும் பேச்சு. பெரும்பாலும் அது தவறான பேச்சு. கணினி எழாதிருப்பது வேறு. அதில் சேமித்தவை அழிவது வேறு. இரண்டையும் ஒன்றெனக் கருதிக் கலங்குவோர்தாம், பழுது பார்ப்பவர் "பார்மட் செய்துவிடட்டுமா?" என்று கேட்டதும் தலையசைத்து, பிள்ளையின் ஆய்வேட்டையும் குடும்பப் புகைப்படங்களையும் உண்மையாகவே இழக்கின்றனர்.

2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு கோப்பினால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றுவிட்டன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தனர். ஆயினும் அக்கணினிகளின் உறுப்புகள் எதுவும் பழுதாகவில்லை. அந்தக் கோப்பை நீக்கியதும் அவை எழுந்தன.

ஆகவே, கணினி எந்தப் படியில் நிற்கிறது என்பதையே முதலில் அறிய வேண்டும்.

விளக்கும் இல்லை, விசிறி ஓசையும் இல்லை என்றால் மின்சாரம் சேரவில்லை என்று ஐயுறலாம். சுவர் இணைப்பையும் அடாப்டரையும் சோதியுங்கள். டைப்-சி துளை உள்ள கணினிக்குக் கைப்பேசியின் சார்ஜரைச் செருகிவிட்டுக் காத்திருப்போரும் உளர். 45 அல்லது 65 வாட் கேட்கும் கருவிக்கு அது போதாது. பின்னர் அடாப்டரைக் கழற்றி, பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடித்து, மீண்டும் இணைத்துப் பாருங்கள். இது மந்திரமன்று, உள்ளே தேங்கிய மின்சாரம் வடிவதால் பல வேளைகளில் கணினி புதிதாகத் தொடங்குகிறது.

விளக்கு எரிகிறது, விசிறி சுழல்கிறது, திரை மட்டும் இருண்டிருக்கிறது. பலரும் ஏமாறுவது இங்கேதான். கேப்ஸ் லாக் விசையைத் தட்டினால் அதன் விளக்கு மாறி மாறி எரிகிறதா? டார்ச் ஒளியைத் திரையில் சாய்வாகப் பாய்ச்சினால் மங்கலாக எழுத்துகள் தெரிகின்றனவா? எச்.டி.எம்.ஐ. கம்பியால் வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்தால் படம் வருகிறதா? வந்தால் கணினி நலமே. குறை திரையிலோ அதன் கம்பியிலோ உள்ளது. இவையொன்றும் இன்றி 'பீப்' ஒலியோ விளக்கின் கண்சிமிட்டலோ மட்டும் இருப்பின், எத்தனை முறை என்று எண்ணிக் குறித்து வையுங்கள். பழுது ரேமிலா பலகையிலா என்பதைச் சொல்லும் குறிப்பு மொழி அது.

நிறுவனச் சின்னம் தோன்றிய பிறகு, தொடங்குவதற்கான வட்டு இல்லை என்ற செய்தி வந்தால், மறந்து செருகி வைத்த பென் டிரைவை முதலில் எடுங்கள். விண்டோஸ் பாதியில் நின்றால், தொடங்கும்போதே இரண்டு மூன்று முறை அணைத்தெழுப்பினால் பழுது நீக்கும் திரை வரும். அங்கே பிட்லாக்கர் என்னும் பூட்டு 48 இலக்க எண்ணைக் கேட்கக்கூடும். பெரும்பாலும் அது உரியவரின் மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும். வேறொரு கருவியில் அக்கணக்கைத் திறந்து எடுத்து வையுங்கள். அவ்வெண் இன்றேல் வட்டைக் கழற்றினாலும் பயனில்லை.

மின்கலம் உப்பியிருந்தாலோ நீர் புகுந்திருந்தாலோ எந்தச் சோதனையும் வேண்டா. சார்ஜ் ஏற்றாமல் கடைக்குக் கொண்டு செல்லுங்கள். ஹார்டு டிஸ்கில் 'டிக் டிக்' ஒலி கேட்டாலும் உடனே அணைத்துவிடுங்கள்.

கடையில் கணினியைக் கொடுக்கும்போது, "முதலில் கோப்புகளைப் பிரதி எடுங்கள், என்னைக் கேளாமல் பார்மட் செய்யாதீர்கள்" என்று சொல்லி, அதை ரசீதிலும் எழுதி வாங்குங்கள். கழற்றக்கூடிய வட்டாயின், வேறு கணினியில் இணைத்துப் பிரதி எடுப்பது பெரிய வேலையன்று.