வீட்டுப் பட்டறையும் தேசத்தின் தொழில் சுயராஜ்யமும்

ஆரணி என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் தமிழ்நாட்டார்க்கு நினைவில் எழுவன இரண்டு: ஒன்று பட்டு, மற்றொன்று அரிசி. கமண்டல நாக நதிக்கரையிலுள்ள இவ்வூரின் குழித்தறிகளில் நெய்யப்படும் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கின்றது. இத்தகைய நெசவாளர் ஊரை முன்னிட்டு, டர்பைன் விசையால் ஓடும் மோட்டார் சைக்கிளை வீட்டுப் பட்டறையில் அமைக்கும் முயற்சியைப் பற்றி நாம் எழுதப் புகுவது சில நண்பர்களுக்கு வியப்பாகத் தோன்றலாம். தறிக்கும் டர்பைனுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர்கள் வினவுவார்கள். சம்பந்தம் மிக நெருங்கியது என்பதும், அதனை மறந்ததனால் நமது தேசம் பெருநஷ்டம் அடைந்து வருகின்றது என்பதும் நமது அபிப்பிராயம்.

முதலில் இந்த யந்திரம் இன்னதென்று சொல்லுவோம். சாதாரண மோட்டார் சைக்கிளில் உருளைக்குள்ளே பிஸ்டன் ஏறி இறங்கி, விட்டு விட்டு விசையைத் தருகின்றது. டர்பைனிலோ ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. சுழற்சி ஒன்றே உண்டு. ஒரு சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி அழுத்துகின்றது. அழுத்தப்பட்ட காற்றிலே எண்ணெய் தெளிக்கப்பட்டு இடைவிடாமல் எரிகின்றது. எரிந்து விரிந்த வாயு மற்றொரு சக்கரத்தின் இதழ்களில் மோதி அதனைச் சுழற்றுகின்றது. இரண்டு சக்கரங்களும் ஒரே தண்டில் கோக்கப்பட்டிருப்பதால், வாயுவினின்று பெறும் விசையின் பெரும்பகுதி காற்றை அழுத்துவதற்கே செலவாகி விடுகின்றது. எஞ்சிய வாயு வேறொரு சக்கரத்தைச் சுழற்ற, அச்சுழற்சி பற்சக்கரங்களின் வழியே பின்சக்கரத்தைச் சென்று சேர்கின்றது.

வீட்டுப் பட்டறையில் இதனைச் செய்ய இயலுமோ எனின், இயலும். லாரி எஞ்சின்களில் பொருத்தப்படும் டர்போ என்னும் உறுப்பைப் பழுது பார்ப்போர் அனைவரும் அறிவர். காற்றை அழுத்தும் சக்கரமும் வாயுவினால் சுழலும் சக்கரமும் அதற்குள்ளே ஒரே தண்டில் அமைந்திருக்கின்றன. இவ்விரண்டிற்கும் இடையே துளைகள் இட்ட குழலோடு கூடிய எரியறை ஒன்றைச் செய்து வைத்தால், அதுவே சிறியதொரு வாயு டர்பைன் ஆகும். மேல்நாடுகளில் பொழுதுபோக்காகத் தொழில் பழகுவோர் பலர் இவ்வழியையே பின்பற்றுகின்றனர். ஜெர்மானியராகிய குர்ட் ஷ்ரெக்லிங் என்பவரோ, கரிநார் சுற்றி வலிவு செய்த ஒட்டுப்பலகையினாலேயே காற்றழுத்தும் சக்கரத்தைக் கடைந்து, பொம்மை விமானத்தை ஓட்டும் ஜெட் எஞ்சினை அமைத்துக் காட்டினார். இவ்வகை எஞ்சினை வீட்டிலே செய்யும் முறையை அவர் நூலாகவும் வெளியிட்டார். அமெரிக்காவில் லூயிஸியானா மாகாணத்துக் கம்பெனி ஒன்று 2000-ஆம் வருஷத்தில் டர்பைன் மோட்டார் சைக்கிளை விற்பனைக்கே கொண்டு வந்தது. அதன் எஞ்சின் ஹெலிகாப்டருக்கென்று செய்யப்பட்டது, 300 குதிரைச் சக்திக்கு மேற்பட்டது.

ஆயினும் வேலை எளிதென்று நாம் சொல்லவில்லை. டர்போவின் தண்டு நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்களையும் எட்டக் கூடியது. மணிக்கு 60 கிலோமீட்டர் ஓடும் மோட்டார் சைக்கிளின் சக்கரம் நிமிஷத்துக்குச் சுமார் 500 சுற்றே சுற்றும். அந்த வேகத்தை இந்த வேகமாகக் குறைப்பது பற்சக்கரம் வெட்டுவோனுக்குப் பெரும் பரீட்சை. எண்ணெய் அழுத்தம் ஒரு கணம் குறைந்தாலும் தண்டைத் தாங்கும் உறுப்புக்கள் தேய்ந்து ஒழியும். எரிபொருள் சிறிது மிகுந்தாலும் இதழ்கள் உருகும். சக்கரம் உடைந்தாலோ அதன் துண்டுகள் துப்பாக்கிக் குண்டுகள்போற் பாயும். ஆகையால் கனத்த எஃகுக் கவசமின்றி இதன் அருகே நிற்றலும் தகாது. இவ்வளவும் செய்து முடித்த பின்னரும், இச்சிறு டர்பைன் குடிக்கும் எண்ணெய் சாதாரண எஞ்சின் குடிப்பதனினும் பன்மடங்கு அதிகம். சந்தைக்குச் சென்று வருவதற்கு இது ஏற்ற வாகனம் அன்று.

பின்னர் இதனால் யாது பயன்? பயன் வாகனத்தில் இல்லை. வாகனத்தைச் செய்தவனிடத்தில் இருக்கின்றது. உலோகத்தின் குணம், வெப்பத்தின் இயல்பு, சமன் செய்தலின் நுட்பம் ஆகியவற்றை இவ்வாறு தன் கையால் அறிந்த இளைஞன் ஒருவன், புத்தகத்தை மாத்திரம் உருப்போட்ட நூறு பட்டதாரிகளுக்குச் சமானம் ஆவான். இதற்குச் சான்று தேடி நாம் கடல் கடக்க வேண்டுவதில்லை. கோயம்புத்தூர் ஜில்லா கலங்கலில் 1893-ஆம் வருஷம் பிறந்த ஸ்ரீமான் ஜி. டி. நாயுடு, இளமையிலே ஆங்கில அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு, ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து அத்தகைய வண்டியொன்றை வாங்கினார். வாங்கியவர் அதில் ஏறி உலாவுவதோடு நிற்கவில்லை. அக்கு அக்காகக் கழற்றி, மீண்டும் பூட்டி, அதன் மர்மத்தை அறிந்தார். அந்த அறிவே அவரது சர்வகலாசாலை. 1920-ஆம் வருஷத்தில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பஸ்ஸோடு தொழில் தொடங்கியவர், 1937-இல் ஸ்ரீமான் டி. பாலசுந்தரத்தோடு சேர்ந்து சுதேச மின்சார மோட்டார் ஒன்றை உருவாக்கினார். 1945-இல் அவரது பொருளுதவியால் தோன்றிய தொழிற் கலாசாலையே இன்று கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகின்றது.

இத்தகைய மேதைக்கு நாம் செய்த கைம்மாறு யாது? 1952-இல் இருவர் ஏறிச் செல்லத்தக்க மோட்டார் காரை 2,000 ரூபாய் விலையில் தர முடியுமென்று அவர் செய்து காட்டினார். சுதந்திர இந்தியாவின் சர்க்கார் அதற்கு அனுமதி வழங்கவில்லை. அந்நியன் ஆண்ட காலத்தில் அந்நியனைக் குறை கூறினோம். நம்மவர் ஆண்ட காலத்தில் யாரைக் குறை கூறுவது?

இந்நோய் இந்தியாவுக்கு மாத்திரம் உரியதன்று. ஜெட் எஞ்சினைக் கண்டவருள் ஒருவராகிய பிராங்க் விட்டில், 1930-இல் அதற்குப் பேடண்டு கோரினார். 1935-இல் அதனைப் புதுப்பிக்க வேண்டிய கட்டணம் 5 பவுன். அவர் கையில் அப்பணம் இல்லை, பிரிட்டிஷ் விமான இலாகா அதனைச் செலுத்த மறுத்தது, பேடண்டும் காலாவதியாயிற்று. 1937-இல் அவரது எஞ்சின் சோதனைச் சாலையில் ஓடியும், ஜெட் விமானத்தை முதன் முதலில் பறக்கவிட்ட பெருமை 1939 ஆகஸ்டில் ஜெர்மனிக்கே கிடைத்தது. ஐந்து பவுனைச் சிக்கனம் செய்த அதிகாரிகள் இழந்தது எத்துணை என்பதைச் சரித்திரம் கூறும்.

இனி நமது நிலைமையை நோக்குவோம். தேஜஸ் என்னும் போர் விமானத்துக்கென்று காவேரி என்ற டர்பைன் எஞ்சினைச் செய்யும் திட்டம் 1989-இல் மஞ்சூர் ஆயிற்று. விமானம் 2001 ஜனவரியில் பறந்தது. பறந்தது அமெரிக்க எஞ்சினோடு. 2008-இல் காவேரி அவ்விமானத் திட்டத்தினின்று பிரிக்கப்பட்டது. தேஜஸின் புதிய வகைக்காக 2021-இல் 99 எஞ்சின்களுக்கு அமெரிக்கக் கம்பெனியிடம் ஆர்டர் கொடுத்தோம். குறித்த காலம் கடந்து, முதல் எஞ்சின் 2025 மார்ச்சில்தான் வந்து சேர்ந்தது. உலோகம் உருகும் வெப்பத்தையும் மிஞ்சிய வாயுவின் நடுவே நின்று சுழலும் இதழைச் செய்யும் வித்தை எந்தத் தேசத்தாரிடம் உள்ளதோ, அவர்கள் அதனை எளிதிற் பிறர்க்குக் கற்பிப்பதில்லை. ஆகாயத்தைக் காக்கும் விமானத்தின் இருதயத்தை அயலானிடம் வாங்கும் தேசத்தின் சுயராஜ்யம் எவ்வளவு பூரணமானது என்பதை வாசகர்களே நிதானிக்கட்டும்.

பெரிய ஆராய்ச்சிச் சாலைகளை ஏற்படுத்தினால் போதாதோ என்று சிலர் கேட்கின்றனர். போதாது என்பதே நமது விடை. கீழே ஆயிரம் பட்டறைகள் இருந்தாலன்றி மேலே ஒரு சோதனைச் சாலை நிலைபெறாது. வேரில்லாத மரத்துக்கு உச்சியில் நீர் வார்த்து ஆவதென்ன? பள்ளிச் சிறுவர்கள் கருவிகளைக் கையாண்டு பழகுவதற்கென 2016 முதல் மத்திய சர்க்கார் அடல் சோதனைக் கூடங்களுக்குப் பொருள் உதவி வருவதை நாம் மனமாரப் பாராட்டுகின்றோம். ஆயின், சிறுவனுக்குக் கருவி கொடுத்த கையே, அவன் வளர்ந்து ஒரு வாகனத்தைச் செய்தால் விலங்கு பூட்டுகின்றதே! 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி செய்தளித்தபடியன்றி வண்டியை மாற்றலாகாது என்கின்றது. சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரியில் இதனை வலியுறுத்தியது. அவ்வருஷத்துத் திருத்தச் சட்டத்தின்படி, அனுமதியின்றி மாற்றிய சொந்தக்காரனுக்கு ஆறு மாதம் வரை சிறைவாசமோ, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். புதிய வண்டியைச் செய்பவனோ, ஆயிரக்கணக்கில் செய்து விற்கும் கம்பெனிகளை மனத்திற் கொண்டு வகுத்த பரீட்சைகளுக்கு அதனை உட்படுத்த வேண்டும்.

சாலையிற் செல்லும் ஜனங்களின் உயிரைக் காப்பது சர்க்காரின் கடமை என்பதில் ஐயமில்லை. பிரேக் இல்லாத வண்டியையும், நெருப்புக் கக்கும் வண்டியையும் கடைவீதியில் ஓட்ட உரிமை கோருவது நமது நோக்கமன்று. ஆயின், பிரிட்டனிலே ஒருவன் தன் வீட்டில் ஒரே ஒரு மோட்டார் சைக்கிளைச் செய்தாலும் அதனைத் தனியே பரீட்சித்து, தகுதியுடையதாயின் பதிவு செய்தற்குரிய ஏற்பாடு இருக்கின்றது. ஆங்கிலேயரிடமிருந்து எத்தனையோ வேண்டாத வழக்கங்களைக் கற்ற நாம், இதனைக் கற்க ஏன் தயங்க வேண்டும்? தனி வாகனப் பரீட்சை விதி ஒன்றைச் சர்க்கார் உடனே இயற்ற வேண்டுமென்பது நமது முதற் கோரிக்கை. தொழிற் கல்லூரிகளின் பட்டறைகளை, வேலை நேரம் முடிந்த பின் ஊரார்க்குத் திறந்துவிட வேண்டுமென்பது இரண்டாவது. ஆரணியை அடுத்த தச்சூரில் அண்ணா பல்கலைக் கழகத்தின் பொறியியற் கல்லூரி இருக்கின்றது. மாலை வேளையில் நெசவாளர் வீட்டுப் பிள்ளையும், லாரி மெக்கானிக்கும், அக்கல்லூரி மாணவனும் ஒரே கடைசல் யந்திரத்தின் முன் நிற்பார்களாயின், அதனினும் சிறந்த கலாசாலை வேறு உண்டோ?

இங்கேதான் தறியின் சம்பந்தம் விளங்கும். பழைய பாவின் இழைகளோடு புதிய பாவின் இழைகளை ஆயிரக்கணக்கில் ஒவ்வொன்றாகக் கையால் முறுக்கிப் பிணைக்கும் பொறுமையும், ஓரிழை தவறினும் சேலை முழுதும் பழுது என்னும் எச்சரிக்கையும் ஆரணி நெசவாளனுக்குப் பிறப்போடு வந்த செல்வங்கள். டர்பைன் கேட்பதும் இவ்விரண்டையேயன்றி வேறன்று. அவனது தறியின் மேலே நிற்கும் ஜக்கார்டு, 1804-இல் பிரான்சிலே தோன்றியது. துளையிட்ட அட்டைகளால் யந்திரத்துக்குக் கட்டளையிடலாம் என்ற அந்த யுக்தியைக் கொண்டே பாபேஜ் என்னும் ஆங்கிலேயர் கணக்கிடும் யந்திரத்துக்குத் திட்டம் வகுத்தார். தறியைக் கண்டு மேல்நாட்டார் கம்ப்யூட்டரை நோக்கி நடந்தனர்; தறியை வைத்துக்கொண்டிருக்கும் நாமோ அதில் அடங்கிய யந்திர ஞானத்தைக் கவனியாமல், நெசவாளன் பிள்ளையைக் கூலி வேலைக்கு அனுப்புகின்றோம்.

தொண்டர்களே! கூட்டங்கள் கூட்டுவதும் தீர்மானங்கள் நிறைவேற்றுவதும் நன்றே. அவற்றோடு, உங்கள் ஊரிலே பழைய எஞ்சினைக் கழற்றிப் போட்டுக்கொண்டு இரவெல்லாம் விழித்திருக்கும் இளைஞன் எவனேனும் உளனோ என்று விசாரியுங்கள். அவனைப் பைத்தியக்காரன் என்று ஊரார் நகைத்தால், அவன் பக்கத்தில் நில்லுங்கள். அவனுக்குக் கவசத் தகடு வாங்கிக் கொடுங்கள். அனுபவமுள்ள ஆசிரியரைத் துணை சேருங்கள். சட்டசபை அங்கத்தினரிடம் அவன் பொருட்டு வாதாடுங்கள். இராட்டையைக் கையில் எடுத்துத்தான் இத்தேசம் தன் மானத்தை மீட்டது. இன்று அரத்தையும் உளியையும் கையில் எடுப்பவனும் அந்தச் சேனையைச் சேர்ந்தவனே என்க.