மெய்நிகர் உலகில் பணம் புகும்போது

கணினிக்குள் அமைந்த ஓர் இடத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் நுழைந்து, ஆளுக்கோர் உருவம் எடுத்து, பேசிப் பழகவும் பொருள் சேர்க்கவும் கூட்டாகச் செயல்படவும் முடிந்தால் அந்த இடத்துக்கு மெய்நிகர் உலகம் என்று பெயர். ஒருவர் வெளியேறிய பின்னும் அந்த உலகம் இயங்கிக்கொண்டிருக்கும். அவர் கட்டியது, சேர்த்தது, ஈட்டிய பெயர் எல்லாம் அவர் திரும்பி வரும்வரை அங்கேயே இருக்கும். இந்த நிலைத்தன்மையால்தான் அங்கே நட்பும் பகையும், வழக்கமும் மரியாதையும் வேர்விட்டு ஒரு பண்பாடு உருவாகிறது.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து கைப்பேசித் தரவின் விலை சரிந்தது. அதன்பின் கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்தை அடுத்த கம்மாபுரம் போன்ற ஊர்களின் பிள்ளைகளும் பப்ஜி, ஃப்ரீ ஃபயர் வழியாக இத்தகைய உலகங்களுக்குள் போகத் தொடங்கினர். இவற்றில் ஓர் ஆட்டம் அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் கணக்கு, பெயர், உடை, ஸ்குவாட் எனப்படும் குழு ஆகியவை தொடரும். இந்தப் பிள்ளைகள் உள்ளே போன காலத்தில் அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் விலை வைத்தாகிவிட்டது. பணம் எந்த வழியாகப் புகுந்தது, எதையெல்லாம் மாற்றியது என்பதை அறிய, அதற்கு முந்தைய நாற்பது ஆண்டுகளைப் பார்க்க வேண்டும்.

விலையில்லாக் காலம்

இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978இல் ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் ‘மட்’ என்னும் உலகத்தை எழுதத் தொடங்கினார். ரிச்சர்ட் பார்ட்டில் அதை வளர்த்தெடுத்தார். படம் கிடையாது, எல்லாம் எழுத்துதான். ‘வடக்கே போ’ என்று தட்டச்சு செய்தால் அடுத்த இடத்தின் வருணனை திரையில் தோன்றும். பல்கலைக்கழகக் கணினி வேலையற்றிருந்த இரவு நேரங்களில் வெளியாரும் தொலைபேசி இணைப்பு வழியே வந்து ஆடினார்கள். இப்படி வருபவர்களைப் பார்ட்டில் 1996இல் நான்கு வகையாகப் பிரித்தார்: சாதிக்க வருபவர், சுற்றிப் பார்க்க வருபவர், பழக வருபவர், பிறரைத் தாக்கி மகிழ வருபவர். இந்த நான்கு வகையினரும் எந்த அளவில் கலந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே ஓர் உலகத்தின் குணம் அமைகிறது என்பது அவருடைய கருத்து.

அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் பாவெல் கர்ட்டிஸ் 1990இல் தொடங்கிய ‘லாம்டாமூ’ இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே அறைகளையும் பொருள்களையும் பயனர்களே நிரல் எழுதி உருவாக்கினார்கள். 1993இல் ஒரு பயனர் மற்றவர்களின் உருவங்கள்மீது பாலியல் வன்முறையை எழுத்தில் நிகழ்த்தியபோது, அவரை என்ன செய்வது என்று அந்தச் சமூகமே கூடி விவாதித்தது. அதன்பின் மனு எழுதி வாக்கெடுக்கும் முறை அங்கே வந்தது.

இந்தக் காலத்தில் மரியாதை இரண்டு வழிகளில் கிடைத்தது: ஒன்று திறமை, மற்றது கொடை. அழகான அறையைக் கட்டித் திறந்துவைத்தவரும், புதிதாக வந்தவருக்கு வழி சொன்னவரும் பெரிய ஆளாக மதிக்கப்பட்டார்கள். இரண்டையும் விலைக்கு வாங்க முடியாது.

கட்டணமும் பழக்கமும்

வணிகம் முதலில் வந்தது நுழைவுக் கட்டணமாக. 1980களில் கம்ப்யூசெர்வ் போன்ற நிறுவனங்கள் மணிக்கணக்கில் பணம் வாங்கின. ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசு என்னும்போது வசதியுள்ளோர் மட்டுமே நெடுநேரம் இருக்க முடியும். சும்மா உட்கார்ந்து அரட்டை அடிப்பதும் செலவாகிவிடும்.

1997இல் வந்த அல்டிமா ஆன்லைனும் 1999இல் வந்த எவர்க்வெஸ்ட்டும் மாதச் சந்தாவை வழக்கமாக்கின. சந்தா கட்டியபின் உள்ளே எல்லோரும் சமம். பெரிய அரக்கனை வீழ்த்தப் பலர் சேர வேண்டும் என்பதால் ‘கில்ட்’ எனப்படும் நீடித்த கூட்டங்கள் பிறந்தன. யார் நம்பத்தக்கவர், யார் பங்கைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர் என்ற செய்தி அந்த மெய்நிகர் உலகம் முழுவதும் பரவும். நற்பெயர் இல்லாமல் அங்கே காலம் தள்ள முடியாது.

மூன்றாவது வடிவம்தான் இன்று பரவலாக இருப்பது: நுழைவு இலவசம், உள்ளே பொருளுக்குக் காசு. பயனர்களில் சிறு பங்கினரே பணம் செலவிடுகிறார்கள். அவர்களிலும் மிகச் சிலரிடமிருந்தே வருமானத்தின் பெரும்பகுதி வருகிறது. அந்தச் சிலரைத் தொழில்துறையினர் ‘திமிங்கிலம்’ என்று குறிப்பிடுகிறார்கள். இதன் பிறகு உலகத்தை வடிவமைப்பவரின் நோக்கமே மாறுகிறது. ஆட்டம் எங்கே சுவையாக இருக்கும் என்ற கேள்வியோடு, எந்த இடத்தில் நிறுத்தினால் ஆடுபவர் பணம் கட்டுவார் என்ற கேள்வியும் சேர்கிறது. காத்திருப்பு நேரம் வேண்டுமென்றே நீட்டப்படுகிறது. அதைக் குறைப்பதற்கு ஒரு விலை வைக்கப்படுகிறது.

விளையாட்டு உழைப்பாகும்போது

எவர்க்வெஸ்ட்டில் சேர்த்த நாணயங்களையும் வாள்களையும் சிலர் ஈபே ஏலத்தில் நிஜப் பணத்துக்கு விற்றார்கள். பொருளியலாளர் எட்வர்ட் காஸ்ட்ரோனோவா அந்த விலைகளை வைத்து 2001இல் ஒரு கணக்குப் போட்டார். அந்தக் கற்பனை நாட்டில் ஆடுபவர் மணிக்கு 3.42 டாலர் மதிப்புள்ள பொருளை உருவாக்குகிறார்; அதன் தனிநபர் வருமானம் 2,266 டாலர்; உலக நாடுகளின் வரிசையில் அதற்கு 77ஆவது இடம், ரஷ்யாவுக்கு அருகில். மெய்நிகர் பொருளுக்கும் மெய்யான விலை உண்டு என்பதைக் கல்வி உலகம் அப்போதுதான் உணர்ந்தது.

2004இல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் வந்த பின் இது தொழிலாகவே ஆனது. முக்கியமாகச் சீனாவில், கூலிக்கு ஆட்களை அமர்த்திப் பகலும் இரவும் விளையாட்டுத் தங்கத்தைச் சேர்த்து மேற்கத்திய ஆட்டக்காரர்களுக்கு விற்கும் கூடங்கள் பெருகின. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஹீக்ஸ் 2008இல் தந்த மதிப்பீட்டின்படி இதில் சுமார் 4 லட்சம் பேர் ஈடுபட்டிருந்தார்கள். சராசரி மாத வருமானம் 145 டாலர்.

பொருளாதார விளைவைவிடப் பண்பாட்டு விளைவு கடுமையானது. ஒரே காட்டில் ஒருவர் பொழுதுபோக்கவும் மற்றவர் பிழைக்கவும் அலைந்தார்கள். தங்கம் சேர்ப்பவர் என்று சந்தேகப்பட்டவர்களைச் சிலர் கூட்டமாகத் தேடிக் கொன்றார்கள். ஆங்கிலம் சரியாக வராத எவரையும் ‘சீனத் தங்க வேட்டைக்காரர்’ என்று பழித்தார்கள். தங்கத்தை வாங்கியவர்கள் பழித்தவர்களின் நடுவிலேயே இருக்க, விற்க உழைத்தவர்மேல் இன வெறுப்பு விழுந்தது.

நிறுவனமே சந்தையை நடத்தினால் சிக்கல் தீரும் என்று நினைத்த பிளிசார்ட், டயாப்லோ 3 விளையாட்டில் 2012இல் நிஜப் பண ஏலக்கடை திறந்தது. நல்ல ஆயுதத்தைப் போரிட்டுப் பெறுவதைவிட வாங்குவது சுலபமாகிவிட்டதால் போரிடுவதன் சுவையே கெட்டது. 2014 மார்ச்சில் நிறுவனம் அந்தக் கடையை மூடியது.

செகண்ட் லைஃப்: படைத்தவரின் உரிமை

2003இல் லிண்டன் லேப் தொடங்கிய செகண்ட் லைஃபில் வெல்ல அரக்கனும் இல்லை, எடுக்கப் புள்ளியும் இல்லை. வீடு, உடை, மரம் என எல்லாமே அங்கே வாழ்பவர்கள் செய்தவை. தொடக்கத்தில் அதிகம் கட்டியவர் அதிக வரி செலுத்த வேண்டியிருந்தது. அதே ஆண்டில், கூட்டாகக் கட்டிய ஒரு பகுதியின் குடிகள் தேயிலைப் பெட்டிகளை அடுக்கி வரி எதிர்ப்புப் போராட்டம் நடத்தினார்கள். ஆண்டு முடிவதற்குள் அந்த வரி நீங்கி நிலக் கட்டணம் வந்தது. படைத்தவருக்கே படைப்பின் அறிவுசார் சொத்துரிமை என்றும் நிறுவனம் அறிவித்தது.

பின்னாளில் லிண்டன் டாலரை அமெரிக்க டாலராக மாற்றவும் வழி பிறந்தது. நிலம் வாங்கி விற்ற ஆன்ஷி சுங் என்ற உருவம் 2006 மே மாதம் பிசினஸ்வீக் இதழின் அட்டையில் இடம்பெற்றது. அமெரிக்கன் அப்பாரல், டொயோட்டா போன்ற நிறுவனங்கள் உள்ளே கடை விரித்தன; ராய்ட்டர்ஸ் செய்தியாளரை அமர்த்தியது; 2007இல் ஸ்வீடன் தூதரக மாளிகை திறந்தது. எதிர்ப்பும் எழுந்தது. குடிகளுக்கு நிர்வாகத்தில் வாக்குரிமை கேட்டு ‘செகண்ட் லைஃப் விடுதலைப் படை’ என்ற குழு பெருநிறுவனக் கடைகளைத் தாக்கியது. 2006 நவம்பரில் எதையும் நகலெடுக்கும் ‘காப்பிபாட்’ என்ற நிரல் பரவியபோது சிறு வணிகர்கள் கதவடைத்தார்கள். உயர்வட்டி காட்டிய ஜின்கோ என்னும் வங்கி 2007இல் முறிந்து வைப்பாளர்களின் பணம் போனது. சூதாட்டத்தை 2007இலும், இத்தகைய வங்கிகளை 2008 தொடக்கத்திலும் லிண்டன் லேப் தடை செய்தது.

பெருநிறுவனக் கடைகள் பலவற்றில் ஆள் நடமாட்டமே இல்லை. அமெரிக்கன் அப்பாரல் 2007இலேயே கடையை மூடியது. வெளியிலிருந்து வந்த வணிகம் வடிந்தது; குடிகளே செய்து குடிகளுக்கே விற்ற சிறு வணிகம் நிலைத்தது. செகண்ட் லைஃப் இருபது ஆண்டுகள் தாண்டியும் இயங்குகிறது. புதிதாக வருபவருக்கு இலவச உடைப் பெட்டி கொடுக்கும் வழக்கமும் விற்பனைக் கடைகளும் அங்கே அருகருகே வளர்ந்தன. கைவினைஞர் தம் பொருளை விற்பதால் ஒரு சமூகம் கெடுவதில்லை என்பதற்கு இது சான்று.

பணம் மனத்தை மாற்றும் விதம்

பணம் வந்தால் பழக்கம் ஏன் மாற வேண்டும்? உளவியலில் இதற்குப் பழைய விடை உண்டு. 1973இல் மார்க் லெப்பர் குழுவினர் ஸ்டான்ஃபோர்டில் மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். படம் வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட பிள்ளைகள், சில நாள் கழித்துப் பரிசு இல்லாதபோது மற்றப் பிள்ளைகளைவிடக் குறைந்த நேரமே வரைந்தார்கள். விரும்பிச் செய்த செயல், கூலிக்குச் செய்யும் செயலாக அவர்கள் மனத்தில் மாறிவிட்டது.

இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைகள் காப்பகங்களில் நடந்த இன்னோர் ஆய்வு 2000இல் வெளியானது. பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் விதித்ததும் தாமதம் குறையவில்லை, கூடியது. ஆசிரியரைக் காக்கவைக்கிறோமே என்ற கூச்சம் போய், காசு கொடுத்து நேரம் வாங்குகிறோம் என்ற எண்ணம் வந்தது. அபராதத்தை நீக்கிய பின்னும் பழைய கூச்சம் திரும்பவில்லை. விலையை எடுத்துவிட்டால் பண்பாடு தானாகத் திரும்பிவிடாது என்பது இதன் பாடம்.

இதை உலக அளவில் காட்டியது வியட்நாமின் ஸ்கை மேவிஸ் நிறுவனம் உருவாக்கிய ஆக்ஸி இன்ஃபினிட்டி என்ற விளையாட்டு. ஆடினால் கிரிப்டோ நாணயம் கிடைக்கும் என்பதால் கொரோனா காலத்தில் பிலிப்பைன்ஸில் ஏராளமானோர் சேர்ந்தார்கள். தொடங்கத் தேவையான மெய்நிகர் உயிரிகளை வாங்கப் பணமில்லாதவர்கள், அவற்றை வைத்திருந்தவர்களிடம் வருவாயில் பங்கு தரும் வாரத்துக்கு வாங்கி ஆடினார்கள். 2021இல் அந்த நாணயம் உச்சம் தொட்டது. 2022இல் ஒரு சென்ட்டுக்கும் கீழே சரிந்தது. 2022 மார்ச்சில் சுமார் 62 கோடி டாலர் திருட்டும் போனது. வருமானம் நின்றதும் பெருங்கூட்டம் கலைந்தது. பணத்துக்காக மட்டும் கூடியவர்களிடையே, பணம் போன பின் பிடித்துவைக்க வேறு கயிறு இருக்கவில்லை.

இந்தியாவில், தமிழ்நாட்டில்

2018இல் வந்த பப்ஜி மொபைல் இந்தியாவில் நண்பர் குழுக்களின் சந்திப்பிடமாக இருந்தது. 2020 செப்டம்பர் 2இல் அதையும் சேர்த்து 118 செயலிகளை மத்திய அரசு தடை செய்தது. அக்டோபர் 30இல் சேவை நின்றது. 2021 ஜூலையில் கிராஃப்டன் நிறுவனம் அதை பிஜிஎம்ஐ என்ற பெயரில் கொண்டுவந்து, அதே ஆண்டில் ஒரு கோடி ரூபாய் பரிசுப் போட்டியும் தொடங்கியது. 2022 ஜூன், ஜூலையில் இதன் போட்டி ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. ஆடியவர்களில் பெரும்பாலோர் பார்வையாளர்களாகவும், சிலர் ஒப்பந்த வீரர்களாகவும், இன்னும் சிலர் தமிழிலேயே நேரலை செய்து வருவாய் தேடுபவர்களாகவும் ஆனார்கள்.

பள்ளிப் பிள்ளைகளிடம் மாற்றம் வேறு விதம். ஃப்ரீ ஃபயரில் டயமண்டு, பிஜிஎம்ஐயில் யூசி என்னும் உள்நாணயங்களைக் காசு கொடுத்து டாப்-அப் செய்து துப்பாக்கிக்கும் உடைக்கும் ‘ஸ்கின்’ வாங்கலாம். இவற்றில் பெரும்பாலானவை வெறும் தோற்றம்தான். ஆனால் சாதாரண உடையில் வருபவனை ‘நூப்’ (கற்றுக்குட்டி) என்று ஒதுக்கும் பழக்கம் வந்துவிட்டால் ஸ்கின் ஒரு சாதி அடையாளம்போல வேலை செய்கிறது. எந்தப் பொருள் விழும் என்று தெரியாமல் பணம் கட்டித் திறக்கும் பெட்டிகள் இன்னும் ஆபத்தானவை. பெல்ஜியம் 2018இல் இவற்றைச் சூதாட்டம் என்று அறிவித்தது.

உடைமையும் உறுதியானதல்ல. விருத்தாசலத்தில் வாங்கிய பீங்கான் பொம்மை, அதைச் சுட்ட சூளை மூடப்பட்டாலும் வீட்டில் இருக்கும்; காசு கொடுத்து வாங்கிய ஸ்கின், நிறுவனமோ அரசோ இணைப்பைத் துண்டித்த அன்றே கைக்கு எட்டாமல் போகும். பப்ஜி கணக்குகளைப் பிஜிஎம்ஐக்கு மாற்ற வழி கிடைக்கும்வரை இந்திய ஆட்டக்காரர்கள் எட்டு மாதம் காத்திருந்தார்கள்.

இதே தமிழ்நாடு வேறொரு பயன்பாட்டையும் காட்டியது. 2022 பிப்ரவரி 6இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரத்தில் நடந்த ஒரு திருமணத்தின் வரவேற்பு மெய்நிகர் உலகில் அமைந்தது. மணமகளின் காலமான தந்தையின் உருவமும் அதில் விருந்தினரை வரவேற்றது. கொரோனாவால் வர இயலாத உறவினரைச் சேர்ப்பதே அங்கே தொழில்நுட்பத்தின் வேலை.

சட்டம் இதுவரை பணயத்தின் மீதே கவனம் வைத்துள்ளது. தமிழ்நாடு 2022இல் இயற்றிய இணையச் சூதாட்டத் தடை, விளையாட்டு ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. 2025இல் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளுக்கு நள்ளிரவு முதல் அதிகாலை 5 மணிவரை தடை வந்தது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் பணயம் வைக்கும் விளையாட்டுகளை முற்றாகத் தடுத்து, மின்விளையாட்டுகளையும் சமூக விளையாட்டுகளையும் தனியாகப் பிரித்தது. அனுமதிக்கப்பட்ட உலகங்களுக்குள் பிள்ளைகளிடம் எதை, எப்படி விற்கலாம் என்பதற்கும் இதே அளவு தெளிவான விதி தேவை.

எது காக்கும்

மேற்கண்ட அனுபவங்களிலிருந்து சில நெறிகள் கிடைக்கின்றன. முதலாவது, வெற்றியை விற்கக் கூடாது. மைன்கிராஃப்ட்டின் மோஜாங் 2014இல் தனியார் சர்வர்களுக்கு இதையே விதியாக்கியது: தோற்றத்தை விற்கலாம், ஆட்டத்தில் முந்தவைக்கும் பொருளை விற்கக் கூடாது. இரண்டாவது, பொருளைப் படைத்தவருக்கே உரிமையும் வருமானத்தில் நியாயமான பங்கும் வேண்டும். மூன்றாவது, விதி மாறும்போது அங்கே வாழ்பவர்களின் சொல் கேட்கப்பட வேண்டும். லாம்டாமூவின் வாக்கெடுப்பும் செகண்ட் லைஃபின் வரிப் போராட்டமும் அது நடக்கக்கூடியதே என்று காட்டின. நான்காவது, என்ன கிடைக்கும் என்று சொல்லாமல் பிள்ளைகளிடம் எதையும் விற்கக் கூடாது.

சர்வரை இயக்கவும், அதைப் பராமரிப்போருக்குச் சம்பளம் கொடுக்கவும் பணம் வேண்டும். அதை வசூலிப்பதில் தவறில்லை. திறமையாலும் உதவியாலும் கிடைத்த மரியாதையைக் கடையில் வைத்து விற்கத் தொடங்குவதுதான் சமூகத்தை அரிக்கிறது. எதற்கு விலை வைக்கலாம், எதற்கு வைக்கக் கூடாது என்ற எல்லையை அந்த உலகத்தில் வாழ்பவர்களும் சேர்ந்து வரைந்தால், வணிகமும் பண்பாடும் ஒரே இடத்தில் நெடுநாள் வாழ முடியும்.