கிடைத்த இடமா, மறுமுறைப் பரீட்சையா?

கோடை விடுமுறை கழிந்து கல்லூரி திறந்ததும், விலங்கியல், தாவரவியல் முதலாண்டு வகுப்புகளில் ஆண்டுதோறும் ஒருவகை மாணாக்கரைக் காண்கிறோம். அவர்தம் உடல் வகுப்பறையில் இருக்கும். உள்ளமோ வைத்தியக் கல்லூரியின் வாயிலில் நிற்கும். நீட் என்னும் நுழைவுப் பரீட்சையை ஒருமுறை எழுதி, விரும்பிய இடம் கிடையாமையால் அடுத்த ஆண்டை எதிர்நோக்கி இங்கே வந்து அமர்ந்தவர் சிலர். இங்கே சேர்ந்த சில கிழமைகளில், கலந்தாய்வில் ஓரிடம் ஒதுக்கப்பெற்று, ஒதுக்கீட்டு ஆணையைக் கையில் ஏந்தியவராய் நம்மிடம் ஓடி வருவோர் வேறு சிலர். அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே: "ஐயா, இந்த இடத்திற் சேரலாமா? அல்லது இன்னும் ஓராண்டு படித்து மறுபடியும் எழுதட்டுமா?"

இக்கேள்விக்கு விடை காணச் சில நாட்களே கிடைக்கின்றன. அந்நாட்களிலும் உற்றாரும் உறவினரும் ஆளுக்கொரு யோசனை கூறுவர். "கிடைத்ததை விடாதே" என்பார் ஒருவர். "ஓராண்டு என்ன, கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும்" என்பார் மற்றொருவர். இருவரும் அன்பினாலேயே கூறுகின்றனர். ஆயினும் ஓராண்டின் விலை யாதென இருவரும் கணக்கிட்டுப் பார்த்தாரில்லை. ஆதலின், இத்தகைய முடிவை எவ்வாறு ஆராய்ந்து செய்யலாம் என்பதை ஈண்டுச் சிறிது விளக்க முற்படுகின்றோம்.

இக்கேள்வி முற்காலத்தில் இத்துணைப் பெரிதாய் இருந்ததில்லை. 2006-ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற சட்டத்தின்படி, நம் மாநிலத்தில் வைத்தியக் கல்லூரி இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே நிரப்பப்பட்டு வந்தன. 2017 முதல் நீட் பரீட்சையே வாயிலாயிற்று. அதன் விளைவு யாதெனில், ஒருமுறை தவறியவர் மீண்டும் மீண்டும் எழுதலாம் என்னும் நிலை வந்தது. நீதியரசர் ஏ. கே. ராஜன் குழு 2021-இல் அளித்த அறிக்கையின்படி, எம்.பி.பி.எஸ். வகுப்பிற் சேர்ந்தோருள் மறுமுறை முயன்றவர் 2016-17-இல் நூற்றுக்கு 12.47 பேர், 2020-21-இல் நூற்றுக்கு 71.42 பேர். மறுமுறை எழுதுதல் இழிவன்று என்பதை இக்கணக்கு காட்டுகின்றது. ஆனால் அது காட்டாதது ஒன்றுண்டு: மறுமுறை எழுதியும் இடம் பெறாதவர் எத்தனை பேர் என்பது இக்கணக்கில் இல்லை. வென்றவரை மட்டும் எண்ணிப் பார்த்துத் துணிதல் அறிவுடைமை ஆகாது.

இனி, கையிலுள்ள இடம் எத்தகையது என்பதை முதற்கண் நோக்குவோம். அது எம்.பி.பி.எஸ். இடமாயின், தயக்கத்திற்குக் காரணம் பெரும்பாலும் கல்லூரியின் பெயரே. சென்னையிலோ மதுரையிலோ உள்ள பழம்பெருங் கல்லூரியை விரும்பியவருக்கு, புதிதாய்த் தோன்றிய மாவட்டக் கல்லூரி ஒன்றில் இடம் கிடைக்கின்றது. 2022 ஜனவரித் திங்களில் விருதுநகர், நாமக்கல், நீலகிரி, திருப்பூர், திருவள்ளூர், நாகப்பட்டினம், திண்டுக்கல், கள்ளக்குறிச்சி, அரியலூர், இராமநாதபுரம், கிருஷ்ணகிரி ஆகிய 11 மாவட்டங்களில் அரசு வைத்தியக் கல்லூரிகள் திறந்து வைக்கப்பட்டன. இவற்றுள் ஒன்றில் இடம் பெற்றவர் அதனை மறுக்கலாமா?

மறுக்கலாகாது என்பதே நம் கருத்து. எக்கல்லூரியிற் பயின்றாலும் பட்டம் ஒன்றே. படிப்பு நாலரை ஆண்டும் கட்டாயப் பயிற்சி ஓராண்டும் எல்லார்க்கும் ஒன்றே. மருத்துவக் கவுன்சிலிற் பெயர் பதியும் உரிமையும் ஒன்றே. முதுநிலைப் படிப்புக்குரிய நுழைவுப் பரீட்சையிலும் வினாத்தாள் கல்லூரியின் பெயரைக் கேட்பதில்லை. புதிய கல்லூரியில் ஆசிரியர் எண்ணிக்கையும் ஆய்வுக்கூட வசதியும் சிறிது குறைந்திருத்தல் கூடும். அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் மாணாக்கன் நோயைக் கற்பது நோயாளியின் கட்டிலருகே அன்றோ? மாவட்டத் தலைமை மருத்துவமனையின் கட்டில்கள் வெறிதே கிடப்பதில்லை.

அமெரிக்காவில் முதன்முதல் வைத்தியப் பட்டம் பெற்ற பெண்மணியாகிய எலிசபெத் பிளாக்வெல் அம்மையாரின் வரலாறு இங்கு நினைவுக்கு வருகின்றது. பெயர் பெற்ற கல்லூரிகள் பல அவருக்கு இடமளிக்க மறுத்தன. நியூயார்க் மாநிலத்தில் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்த ஒரு சிறு கல்லூரி 1847-இல் அவரை ஏற்றது. அதுவும், அங்கிருந்த மாணவர்கள் விளையாட்டாய் எண்ணி இசைவு தந்தமையால் நேர்ந்தது. அம்மையார் அந்த இடத்தை ஏற்றுச் சென்று 1849-இற் பட்டம் பெற்றார். நம் நாட்டிலும் 1918-இல் வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் பெண்களுக்கு வைத்தியப் பள்ளி தொடங்கியபோது, அது அளிக்க இயன்றது எல்.எம்.பி. என்னும் சான்றிதழ் மட்டுமே, எம்.பி.பி.எஸ். படிப்பு அங்கு வந்தது 1942-இல்தான். முதலாண்டில் விண்ணப்பித்தோர் 151 பேர். சேர்க்கப்பெற்றோர் 17 பேர். பெரிய பட்டம் கிட்டும் வரை காத்திருப்போம் என்று அப்பெண்கள் இருந்திருந்தால், அத்தனை ஆண்டுகள் எத்தனை தாய்மார்கள் பெண் வைத்தியரின்றித் தவித்திருப்பர்!

சில ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பிலிருந்த மாணவி ஒருத்திக்கு இத்தகைய புதுக் கல்லூரியில் இடம் கிடைத்தது. தந்தை தையற்காரர். பெண்ணோ, "சென்னைக் கல்லூரியே வேண்டும், இன்னும் ஓராண்டு படிக்கிறேன்" என்று அழுதாள். "அம்மா, அடுத்த ஆண்டு இந்த இடமும் இல்லையென்றால் யாது செய்வாய்?" என்று மட்டும் கேட்டோம். மறுநாள் சேர்ந்துவிட்டாள். இரண்டாண்டுகளுக்குப் பின் அவள் எழுதிய மடலில் கல்லூரியின் பெயரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இரவு முழுவதும் விழித்திருந்து பார்த்த நோயாளிகளைப் பற்றியே எழுதியிருந்தாள்.

இரண்டாவதாக, கையிலுள்ள இடம் வேறொரு படிப்பாயின் செய்தி வேறு. பல் மருத்துவம், சித்த மருத்துவம் முதலியன தம்மளவிற் சிறந்த தொழில்கள், எம்.பி.பி.எஸ். வகுப்புக்குக் காத்திருக்கும் அறைகள் அல்ல. பல் மருத்துவத்தை விரும்பிச் சேர்பவர் வாழ்வர். அதிற் சேர்ந்துகொண்டே மறுமுறை நீட் எழுதலாம் என்று கருதுபவரோ, ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைத்தவராவர். இவ்வாறு சேர்ந்த மாணவன் ஒருவனை அறிவோம். வகுப்பில் வருகை குறைந்தது; நீட் பாடத்திலும் மனம் ஊன்றவில்லை; ஆண்டின் நடுவே விலகியபோது கட்டிய பணமும் போயிற்று. அவன் விட்டு வந்த இடம் வேறொருவருக்குப் பயன்படாமற் போனதே அதனினும் பெரிய நட்டம். உள்ளம் ஒப்பாத படிப்பாயின், அதனைத் தொடக்கத்திலேயே மறுத்தல் நேர்மை. உயிர்களுக்கு நோய் நீக்கும் தொழிலில் ஆர்வமுடையவர் மற்றொரு வாயிலையும் மறத்தலாகாது: நம் மாநிலத்தில் கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பின் மாநில ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே நிரப்பப்படுகின்றன.

மூன்றாவது, பணம் பற்றியது. தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டு இடம் கிடைத்தவர் முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் நோக்கி, "எப்படியாவது கட்டிவிடலாம்" என்பர். ஓர் எடுத்துக்காட்டு கூறுவோம். ஆண்டுக்கு 10 இலட்சம் ரூபாய் வீதம் ஐந்து ஆண்டுத் தொடக்கங்களில் கடன் பெறுவதாகவும், வட்டி நூற்றுக்கு 10 எனவும் கொள்வோம். தனிவட்டியாகக் கணக்கிட்டாலும், ஐந்தாம் ஆண்டு முடிவில் முதல் 50 இலட்சம், வட்டி 15 இலட்சம், ஆக 65 இலட்சம் ஆகின்றது. அப்போது மாணவன் இன்னும் பயிற்சியையும் முடித்திரான். இக்கடனுக்கு வீட்டையோ நிலத்தையோ ஈடு வைக்க வேண்டுமாயின், தங்கையின் படிப்பும் தாயின் மருந்தும் அதனால் என்னாகும் என்பதைக் குடும்பத்தோடு அமர்ந்து பேசுதல் வேண்டும். அரசு இடத்திற்குச் சில மதிப்பெண்ணே குறைந்தவர், இத்தகைய இடத்தை மறுத்து மறுமுறை முயல்வது மூடத்தனம் அன்று. அது ஒருவகைச் சிக்கனமே.

ஆயினும் மறுமுறை முயல்வோர் தம்மைத் தாமே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. இக்கட்டுரையின் உயிர்நிலை அதுவே: "சென்ற ஆண்டினின்றும் வரும் ஆண்டில் மாறப்போவது யாது?" இதற்குப் பெயர் சொல்லத்தக்க விடை இருந்தால் எழுதலாம். "இம்முறை இன்னும் நன்றாகப் படிப்பேன்" என்பது விடையன்று, அது விருப்பம்.

விடை காணும் வழி இது. 2025-ஆம் ஆண்டுப் பரீட்சையில் 180 வினாக்கள். பௌதிகம் 45, இரசாயனம் 45, உயிரியல் 90. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 கழியும், மொத்தம் 720. ஒருவர் 130 வினாக்களுக்குச் சரியாகவும் 40 வினாக்களுக்குத் தவறாகவும் விடையளித்து, 10 வினாக்களை விட்டுவிட்டார் எனக் கொள்வோம். அவர் பெற்றது 520-இல் 40 கழித்து 480. அடுத்த முறை அத்தவறுகளுள் 20-ஐ ஊகித்து எழுதாமல் விட்டாலும் 500-ஐயே அடைவார். அந்த 20 வினாக்களையும் கற்றுச் சரியாக எழுதினாலோ ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண் ஏறி 580 ஆகும். ஆகவே எந்தப் பாடத்தில், எந்த அதிகாரத்தில் அந்த 20 வினாக்கள் உள்ளன என்று எடுத்துக் காட்ட வல்லவருக்கே மறுமுறை பயன்தரும். நோயுற்றோ, பள்ளியில் பௌதிக ஆசிரியர் இன்றியோ முதன்முறை குறைந்தவருக்குக் காரணம் வெளிப்படை. அது நீங்கினால் பயனும் வெளிப்படும். இரண்டு முறை முழு வசதியோடு படித்தும் அதே இடத்தில் நிற்பவர், மூன்றாம் முறைக்குக் காரணம் தேடுமுன் நெடிது நினைத்தல் நலம்.

மதிப்பெண்ணைக் காட்டிலும் தரவரிசையையே நோக்குதல் வேண்டும். 2024-இல் முதலில் வெளிவந்த முடிவில் 67 பேர் 720-க்கு 720 பெற்றிருந்தனர். 2025-இல் நாடு முழுவதிலும் மிகுதியாய்ப் பெற்ற மதிப்பெண் 686. "சென்ற ஆண்டு இத்தனைக்கு இடம் கிடைத்தது" என்று எண்ணி ஓராண்டைப் பணயம் வைப்போர் மணலிற் கோடு கிழித்தவரே ஆவர்.

விதிகளையும் அறிதல் வேண்டும். அகில இந்தியக் கலந்தாய்வில் முதற் சுற்றில் ஒதுக்கப்பெற்ற இடத்தைத் தடையின்றி விடலாம். பிந்திய சுற்றுகளில் வைப்புத்தொகை போய்விடும். எஞ்சிய இடங்களுக்கான இறுதிச் சுற்றில் இடம் பெற்றுச் சேராதவர், அடுத்த ஆண்டுப் பரீட்சையையே எழுத இயலாதபடி தடுக்கப்படுதலும் உண்டு. மாநிலக் கலந்தாய்வில் விலகுவோர் செலுத்த வேண்டிய தொகை யாது, முன்னரே ஓரிடத்திற் சேர்ந்தவர் மறுபடியும் கலந்துகொள்ளத் தகுதியுடையவரா என்பனவற்றை அவ்வாண்டுத் தகவல் தொகுப்பேட்டில் தாமே படித்தல் வேண்டும். பிறர் கூறக் கேட்டு நடந்து ஓராண்டை இழந்தவர் உளர்.

மறுமுறை எழுதத் துணிந்தவர், தொடங்குமுன்னரே முடிவையும் எழுதி வைத்துக்கொள்க: "இத்தனை முறை; அதன்பின் இன்ன படிப்பு." எல்லையில்லாக் காத்திருப்பே இளைஞரை உருக்குலைக்கின்றது. 2017 முதல் இப்பரீட்சையின் பொருட்டு நம் மாநிலம் இளம் உயிர்கள் சிலவற்றை இழந்திருக்கின்றது. வைத்தியராக விரும்பியவர் தம் உயிரையே இழத்தல் எத்துணைக் கொடுமை! மனம் தளர்ந்தவர் 104 என்னும் எண்ணிலோ, 14416 என்னும் எண்ணிலோ தொலைபேசியில் அழைத்துப் பேசலாம். அதற்குமுன் நம் அறைக் கதவைத் தட்டலாம். பெற்றோரும், அண்டை வீட்டுப் பிள்ளையோடு தம் பிள்ளையை ஒப்பிடாதிருத்தல் வேண்டும்.

சுருங்கக் கூறின், தாங்கத்தக்க செலவில் எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்தவர், கல்லூரியின் பெயர் கருதி அதனை விடற்க. உள்ளம் ஒப்பாத படிப்பையும், குடும்பத்தை மூழ்கடிக்கும் கடனையும், "கிடைத்ததே" என்று ஏற்கற்க. மறுமுறை முயல்வோர், மாறப்போவது யாதென்று ஒரு தாளில் எழுதிப் பார்க்க. தாள் வெறுமையாய் இருந்தால் அதுவே விடை.

இடம் கிடையாமல் நம்மோடு தங்கிவிட்டவர்க்கும் ஒரு சொல். நீங்கள் அமர்ந்திருப்பது புகைவண்டி நிலையத்துப் பலகை அன்று, ஒரு வகுப்பறை. இலையின் நரம்பைக் காட்டும் நுண்ணோக்கி இங்கும் உள்ளது. உயிரின் அமைப்பை அறியும் ஆவல் உண்மையில் உங்களிடம் இருந்தால், அதனை இன்றே, இங்கேயே தொடங்குக. நாளை எந்த வாயில் திறந்தாலும், இன்று கற்றது உங்களுடன் வரும்.