"இனி நீதான் வாப்பா" என்று சொல்லாதீர்கள்



மையித்து வீடுகளுக்கு நீங்களும் போயிருப்பீர்கள். ஜனாஸாவை அடக்கிவிட்டு ஆண்கள் திரும்பி வந்ததும், அவர்களில் ஒருவர் வீட்டின் மூத்த பையனுடைய தோளில் கை வைத்து, "மகன், இனி நீங்கதான் வாப்பா. உம்மாவையும் தங்கச்சிமாரையும் நீங்கதான் பார்க்கணும்" என்பார். சொல்பவர் கெட்டவரல்லர். அந்நேரத்தில் வேறெதுவும் வாயில் வராததால் அதைச் சொல்கிறார். சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விடுகிறார். அந்தப் பையனுக்குப் போக வேறு இடமில்லை. அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு அவன் அங்கேயே இருக்கிறான்.

2016இல் பிள்ளைகளின் வாப்பா வபாத்தானபோது என் மகனுக்கு வயது 11. மகள்மாருக்கு 8, 4. அன்று மஃரிபுக்குள் மகனுடைய காதில் நான்கு பேர் அந்த வார்த்தையைப் போட்டுவிட்டார்கள். அதன் பிறகு அவன் விளையாடப் போகவில்லை. நடுச்சாமத்தில் எழும்பி, இருட்டில் முன்கதவின் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து படுப்பான். மூன்றாவது இரவு அவனைப் பிடித்து என் பக்கத்தில் உட்கார வைத்தேன். "மகன், வாப்பா ஒருத்தர்தான். அவர் மௌத்தாகிட்டார். இந்த வீட்டுக்குப் பெரியவள் நான். கதவைப் பூட்டுறது என்ட வேலை. உங்கட சப்பாத்தத் துடைக்கிறது உங்கட வேலை" என்றேன். அவன் அழுதான். அடக்கம் முடிந்து வந்த பின் அவன் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

பொறுப்பு என்ற சொல்லை நாம் மிகவும் தாராளமாகப் புழங்குகிறோம். பிள்ளைக்குப் பொறுப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவனுடைய கைக்கு அடங்கும் பொறுப்பு வேண்டும். 11 வயதுப் பையன் தேங்காய் துருவலாம், பருப்பைக் கழுவி அடுப்பில் வைக்கலாம், தங்கச்சியின் கொப்பிக்கு உறை போடலாம். இவற்றையெல்லாம் என் மகன் செய்தான். "ஆம்பிளப் பிள்ளையைக் குசினிக்குள்ள விட்டிருக்கியே" என்று ஒரு மாமி குறைபட்டுக்கொண்டார். அதே மாமிதான் அவனை வீட்டுத் தலைவன் என்று அழைத்தவர்களில் ஒருவர்! சோறு ஆக்கக் கூடாத பிள்ளை குடும்பத்தைச் சுமக்கலாமாம். இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களின் வரலாற்றை நீங்கள் படித்திருப்பீர்கள். ஹிஜ்ரி 150இல் காஸாவில் பிறந்தார்கள். குழந்தையாக இருக்கும்போதே தகப்பனாரை இழந்தார்கள். தாயார் அவர்களை மக்காவுக்கு அழைத்துச் சென்று வளர்த்தார்கள். ஆசிரியருக்குக் கூலி கொடுக்க அந்தத் தாயிடம் வசதி இருக்கவில்லை. ஆசிரியர் எழுந்து போகும் வேளைகளில் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதே கூலியாக ஏற்கப்பட்டது என்று வரலாற்றில் வருகிறது. ஒரு சிறுவனின் கைக்கு ஏற்ற வேலை அது. உழைத்து வீட்டைப் பார் என்று அந்தத் தாய் மகனைச் சந்தைக்கு அனுப்பவில்லை.

இனி வீட்டில் பெரியவளுடைய வேலைக்கு வருவோம். அரச கந்தோர்களில் எங்களுக்குப் "பெண் தலைமை தாங்கும் குடும்பம்" என்று ஒரு பெயர் இருக்கிறது. தலைமை தாங்குகிறோமோ இல்லையோ, வரிசையில் நிற்கிறோம். கிராம சேவகரிடம் ஒரு வரிசை, பிரதேச செயலகத்தில் இன்னொன்று. மரண அத்தாட்சிப் பத்திரம், விவாகப் பதிவு, மூன்று பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், அடையாள அட்டை எல்லாவற்றையும் ஒரு கோவையில் போட்டுக்கொண்டு நடந்தேன். நான்கு மாதமும் பத்து நாட்களுமான இத்தா முடியும் வரை எந்தக் கந்தோரும் நமக்காகக் காத்திருப்பதில்லை. அவசியத் தேவைக்காகப் பகலில் வெளியே சென்றுவர இடமிருக்கிறது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. கேட்டுத் தெளிந்துகொள்ளாமல் எத்தனையோ சகோதரிகள் எல்லாப் பத்திரங்களையும் யாரோ ஒருவருடைய கையில் கொடுத்துவிட்டு உள்ளே இருக்கிறார்கள். அந்த யாரோ நல்லவராக இருந்தால் நல்லது.

நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது காசு விஷயத்தை. நம் பத்திரிகைகளில் பொறுமையைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். விதவையின் கணக்குக் கொப்பியைப் பற்றி யாரும் எழுதக் காணோம்.

என் கணவர் கண்டியில் ஒரு புடவைக் கடையில் 14 வருடங்கள் வேலை செய்தவர். ஊழியர் சேமலாப நிதிக்கு அவருடைய சம்பளத்தில் 8 சதவீதமும், முதலாளியின் பங்காக 12 சதவீதமும் போய்க்கொண்டிருந்தது. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு முதலாளி 3 சதவீதம் கட்டிவந்தார். பத்திரத்தில் பின்னுரித்தாளியாக என் பெயர் இருந்தது. காசோலையும் என் பெயருக்கே வந்தது. "உங்கட பெயருக்குத்தானே வந்திருக்கு, வேற யார் கேட்கிற?" என்றார்கள்.

யார் கேட்பது என்பதுதான் கேள்வி. அந்தப் பணம் அவர் உழைத்துச் சேர்த்தது. என் பெயர் அதைப் பெற்றுக்கொடுப்பதற்காக எழுதப்பட்ட பெயர் என்றே நான் விளங்கிக்கொண்டேன். ஊர் மௌலவியிடமும் என் நானாவிடமும் கலந்து, அதை மரணச் சொத்தாகவே பங்கு வைத்தோம். மரணசாசனம் எழுதாமல் இறக்கும் முஸ்லிமின் சொத்து, அவர் சார்ந்த மத்ஹபின்படி பிரிய வேண்டும் என்று நம் நாட்டில் 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டமும் சொல்கிறது.

என் நிலைமையில் பங்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன், உங்களில் யாருக்காவது உதவும். கடனையும் அடக்கச் செலவையும் கழித்த பின், எஞ்சியதை 96 பங்காக வையுங்கள். பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 12 பங்கு. உயிரோடிருந்த கணவரின் தாயாருக்கு ஆறில் ஒன்று, 16 பங்கு. மிகுதி 68 பங்கும் பிள்ளைகளுக்கு. மகனுக்கு 34, மகள்மாருக்கு 17 வீதம். உதாரணத்துக்கு 960,000 ரூபா என்று வைத்துக்கொண்டால், எனக்கு 120,000. மாமிக்கு 160,000. மகனுக்கு 340,000. மகள்மார் ஒவ்வொருவருக்கும் 170,000. மாமி தன் பங்கை வாங்கிக்கொண்டார். அதையும் சிலர் குறையாகப் பேசினார்கள். பிள்ளையை இழந்தவர் அவரும்தானே!

பாருங்கள், நூற்றுக்கு எழுபதுக்கும் மேல் சின்னப் பிள்ளைகளுடையது. வீட்டை நடத்த வேண்டியவளின் கையில் மிகக் குறைந்த பங்கு. இங்கேதான் சோதனை தொடங்குகிறது. "எல்லாம் பிள்ளைகளுக்காகத்தானே" என்ற ஒரு வசனம் இருக்கிறதே, அதைச் சொல்லிக்கொண்டு எதை வேண்டுமானாலும் செலவழித்துவிடலாம். தகப்பனை இழந்து பருவம் அடையாதிருக்கும் பிள்ளை, தாய் உயிரோடிருந்தாலும், மார்க்கத்தில் யதீம்தான். யதீமின் சொத்தை அநியாயமாக உண்பவர்கள் தங்கள் வயிற்றில் நெருப்பையே நிரப்புகிறார்கள் என்ற எச்சரிக்கை, சாச்சாமாருக்கும் பெரிய வாப்பாமாருக்கும் மட்டும் வந்ததல்ல. உம்மாமாருக்கும்தான்.

மூன்று 80 பக்கக் கொப்பிகள் வாங்கினேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று. பாடசாலைச் செலவு, மருந்து, சப்பாத்து என்று யாருக்கு எது எடுக்கப்பட்டதோ அது திகதியோடு அவரவர் கொப்பியில் ஏறியது. மகனுடைய காசில் தங்கச்சிக்கு ரியூசன் கட்டக் கூடாது என்பது நான் வைத்த சட்டம். சாப்பாடும் மின்சாரக் கட்டணமும் என் தையலில் நடந்தன. 2018இல் கூரை ஒழுகியது. வீடு என் வாப்பா எனக்குத் தந்தது, என் பெயரில் இருப்பது. எனவே கூரையும் என் செலவு. சீட்டுக் காசு விழும் வரை நான்கு மாதம் வாளி வைத்துச் சமாளித்தோம். பிள்ளைகளுடைய கணக்கில் காசு இருக்கும்போதே வாளி வைத்தது கொஞ்சம் கடினமாகத்தான் இருந்தது. வசதியற்ற பொறுப்பாளர் நியாயமான அளவு எடுத்துக்கொள்ளலாம் என்று அந்நிஸா அத்தியாயத்தின் 6ஆம் வசனம் இடம் தருகிறது. தையல் இருக்கும்வரை அந்த இடத்தைத் தொடாமல் இருக்கப் பார்த்தேன். முடியாத சகோதரிகள் எடுங்கள், எடுத்ததை எழுதி வையுங்கள்.

யதீமின் காசைச் சும்மா போட்டுத் தேய விடக் கூடாது என்றும் அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். நானாவின் யோசனைப்படி பாதியைத் தங்கமாக வாங்கி வைத்தோம். அதன் அருமை 2022இல் விளங்கியது. அந்த வருடத்தை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு. கேஸ் வரிசை. செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை எட்டியது. வங்கியில் கிடந்த பாதி கண்ணெதிரே சுருங்கியது, தங்கமாகக் கிடந்த பாதி தாக்குப்பிடித்தது.

அப்போது மகனுக்கு 17 வயது. 2021ஆம் ஆண்டுக்கான சாதாரண தரப் பரீட்சை தள்ளிப்போய் 2022 மே மாதம்தான் நடந்தது. குப்பி விளக்கில் படித்துக்கொண்டிருந்தவன் ஓர் இரவு புத்தகத்தை மூடிவிட்டு, "உம்மா, சோதனை முடிஞ்சதும் நான் கடைக்குப் போறேன். வாப்பா வேலை செஞ்ச கடையில கேட்டுப் பார்க்கலாம். நீங்க ஒருத்தரா எப்படிச் சமாளிக்கிற?" என்றான். ஆறு வருடங்களுக்கு முன்னால் தோளில் கை வைத்தவர்களின் குரல் அப்படியே வந்தது.

நான் அழவில்லை, திட்டவுமில்லை. அவனுடைய கொப்பியைக் கொண்டுவந்து வைத்தேன். கூடவே என் வீட்டுச் செலவுக் கொப்பியையும் வைத்தேன். மாதம் தையலில் வருவது இவ்வளவு, போவது இவ்வளவு, உங்கட பெயரில் மீதி இவ்வளவு. உயர்தரம் முடியும்வரை இது போதும். "நீங்க உங்கட வாப்பாட காசில படிக்கிறீங்க மகன். யார்ட தயவிலயும் இல்ல. என்னையும் கஷ்டப்படுத்தல்ல." அவன் விளக்கை இழுத்து வைத்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். பிறகு கணிதப் புத்தகத்தைத் திறந்தான். வெறும் ஆறுதல் வார்த்தைகளால் இது நடந்திருக்காது என்று நான் நினைக்கிறேன். வீட்டில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாத பிள்ளைதான் அதிகம் பயப்படுகிறது.

2023இல் அவனுக்கு 18 நிரம்பியது. சொத்தை ஒப்படைக்கும்போது சாட்சிகளை வையுங்கள் என்று அதே வசனம் சொல்கிறதல்லவா? அவனுடைய சாச்சாவையும் என் நானாவையும் அழைத்துத் தேநீர் கொடுத்து, கொப்பியையும் வங்கிப் புத்தகத்தையும் அவன் பங்குத் தங்கத்தையும் ஒப்படைத்தேன். இருவரும் கையெழுத்து வைத்தார்கள். மகன் கணக்கைக் கூட்டிப் பார்த்துவிட்டு, "கிரிக்கெட் மட்டை இதில இல்லையே உம்மா?" என்றான். அது பெருநாளைக்கு நான் கொடுத்தது, என் காசு என்றேன். சாச்சா சிரித்துவிட்டார்.

ஊராருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ரமழானில் பொதி கொண்டுவருகிறீர்கள், அல்லாஹ் கூலி தருவான். ஆனால் பிள்ளைகளை முன்னே நிறுத்திப் படம் எடுப்பதை விட்டுவிடுங்கள். அந்தப் படம் இரவாகுமுன் வகுப்புப் பிள்ளைகளின் தொலைபேசிகளுக்குப் போய்விடுகிறது. எங்களுக்கு மிகவும் உதவியவர் எந்தப் பொதியும் தராதவர். எங்கள் ஒழுங்கையின் மூன்றாம் வீட்டுப் பெரியவர், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வாசலில் நின்று என் மகனைக் கூப்பிட்டு ஜும்ஆவுக்குக் கூட்டிப்போவார். ஏழு வருடங்கள். நீதான் வாப்பா என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

விவாகரத்தாகிப் பிள்ளைகளோடு இருக்கும் சகோதரிகளின் நிலை வேறு. அங்கே தகப்பன் உயிரோடிருக்கிறார், பிள்ளைகளின் செலவும் அவருடைய கடமையாகவே இருக்கிறது. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் காதி நீதிமன்றத்தில் தாபரிப்புக் கேட்கலாம். அதைக் கேட்பது பிச்சை கேட்பதல்ல. அது பிள்ளையின் உரிமை, நீங்கள் வேண்டாம் என்று விட்டுக்கொடுக்க அது உங்களுடையதுமல்ல.

என்னிடம் இன்னும் இரண்டு கொப்பிகள் இருக்கின்றன. மூத்த மகளுடையது கடைசிப் பக்கங்களுக்கு வந்துவிட்டது. உயர்தர வகுப்பில் படிக்கும் அவள், தன் கணக்கைத் தானே எழுத வேண்டும் என்று போன மாதம் பேனையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். எழுதட்டும், கையெழுத்து என்னுடையதைவிட அழகு. சின்னவளுக்கு மூக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கிறது. அவளுடைய கொப்பியில் அடுத்த வரி அதுதான்.