மூச்சுக்கு ஒரு வடிகட்டி

பலமாகக் குறட்டை விட்டுத் தூங்கும் பெரியவர் ஒருவர் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கட்டாயம் இருப்பார். அவரைப் பார்த்து நீங்கள் சிரித்திருக்கவும் கூடும். அடுத்த முறை சிரிப்பதை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். மில் இயந்திரம் போல ஓடிக்கொண்டிருந்த குறட்டை திடீரென்று நின்றுவிடுகிறதா? பத்து விநாடி, இருபது விநாடி சத்தமே இல்லை. மார்பு மட்டும் ஏறி இறங்குகிறது. பிறகு தூக்கிவாரிப் போட்டதுபோல ஒரு பெரிய மூச்சு. மறுபடியும் குறட்டை. இப்படி நடந்தால் அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். அந்த நிசப்தமான நேரத்தில் அவருடைய தொண்டை அடைத்துக்கொண்டிருக்கிறது. இதற்கு உறக்க மூச்சடைப்பு என்று பெயர்.

காரணம் எளிய இயற்பியல்தான். மதுரைக்காரர்களுக்கு விளக்குவது இன்னும் எளிது. கெட்டியான ஜிகர்தண்டாவை நைந்துபோன காகித உறிஞ்சுகுழலால் பலமாக உறிஞ்சினால் என்ன ஆகிறது? குழலின் உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் குழலை நசுக்கிச் சுவரோடு சுவர் ஒட்டிவிடுகிறது. நம் தொண்டையும் எலும்பில்லாத மென்மையான குழாய்தான். விழித்திருக்கும்போது தசைகள் அதை விறைப்பாகப் பிடித்துக்கொள்கின்றன. தூங்கும்போது தசை தளர்கிறது. கழுத்தில் கொழுப்பு சேர்ந்தவர்களுக்கும் தாடை அமைப்பு குறுகலானவர்களுக்கும் மூச்சை இழுக்கும்போது குழாய் ஒட்டிக்கொள்கிறது. இரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைகிறது. மூளை பயந்து போய் அவரை அரைகுறையாக எழுப்பிவிடுகிறது. நோய் கடுமையாக இருந்தால் இது மணிக்கு 30 தடவைக்கு மேல், அதாவது இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறையாவது நடக்கும். இவ்வாறு தூங்குபவர் காலையில் எப்படி இருப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்!

அரிய நோய் என்று எண்ணிவிட வேண்டாம். டெல்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்தவர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்து 2023-இல் வெளியிட்ட கணக்குப்படி, இந்தியாவில் வயது வந்தோரில் ஏறத்தாழ 11 விழுக்காட்டினருக்கு இது உண்டு. 2022 பிப்ரவரியில் மும்பையில் காலமான இசையமைப்பாளர் பப்பி லஹிரிக்கும் இந்த நோய் இருந்ததாக அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்கள் தெரிவித்தார்கள்.

1980 வரை கடுமையான நோயாளிக்கு இருந்த வழி, கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயில் ஒரு குழல் வைப்பதுதான். அந்த ஆண்டு ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் வேறு மாதிரி யோசித்தார். குழாய் ஒட்டிக்கொள்வதற்கு உள்ளே அழுத்தம் குறைவதுதானே காரணம்? அப்படியானால் மூக்கு வழியாக வெளியிலிருந்தே சிறிது அழுத்தம் கொடுத்துவிட்டால் போயிற்று! தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரை எடுத்து, உறிஞ்சுவதற்குப் பதிலாக ஊதும்படி அமைத்து, ஒரு முகமூடி வழியாக நோயாளியின் மூக்கில் செலுத்தினார். அன்றிரவு அந்த நோயாளி மூச்சு தடைபடாமல் தூங்கினார். 5 நோயாளிகளின் விவரத்துடன் 1981-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் இந்தச் செய்தி வெளிவந்தது. இன்று ஒரு டிபன் பாக்ஸ் அளவுக்குச் சுருங்கி, 'சீபேப்' என்ற பெயரில் விற்கப்படுவது அந்தக் கருவிதான். இடைவிடாமல் ஊதி, தொண்டைக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு காற்றுத் தூணை அது நிறுத்துகிறது.

எவ்வளவு அழுத்தம்? நீங்களே அறிந்துகொள்ளலாம். ஒரு சொம்பில் நீர் நிரப்பி, உறிஞ்சுகுழல் ஒன்றைச் சரியாக 10 செ.மீ. ஆழத்துக்கு அமிழ்த்துங்கள். மெதுவாக ஊதுங்கள். அடியிலிருந்து முதல் குமிழி வெளிப்படும் கணத்தில் உங்கள் வாயில் இருக்கும் கூடுதல் அழுத்தம் 10 செ.மீ. நீரின் அழுத்தம். வாயு மண்டலத்தின் அழுத்தம் சுமார் 1033 செ.மீ. நீர், ஆகவே இது அதில் நூறில் ஒரு பங்குதான். சீபேப் கருவிகள் பொதுவாக 4 முதல் 20 செ.மீ. வரை தருகின்றன. (இந்தச் சொம்பு வேடிக்கைச் சோதனை மட்டுமன்று. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்குத் தரும் 'குமிழி சீபேப்' கருவியில், குழாயின் மறுமுனையை நீரில் இத்தனை செ.மீ. என்று அமிழ்த்தித்தான் அழுத்தத்தை அமைக்கிறார்கள்.)

இனி, காற்று வருகிற வழிக்குச் செல்வோம். கருவி தானாகக் காற்றை உற்பத்தி செய்வதில்லை. படுக்கை அறையில் உள்ள காற்றைத்தான் இழுத்துத் தருகிறது. அவனியாபுரத்தில் அது எப்படிப்பட்ட காற்று? ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று கண்மாய்க்கரைப் புழுதியை எல்லாம் வீட்டுக்குள் கொண்டுவந்து கொட்டுகிறது. புறவழிச்சாலை லாரிகளின் டீசல் புகை ஒரு பக்கம். வெள்ளைக்கல் குப்பைக் கிடங்கில் தீப்பிடிக்கும் நாட்களில் அந்தப் புகை வேறு. போகியன்று கொளுத்தும் பழைய பாயும் டயரும் அடுத்த நாள் ஜல்லிக்கட்டுக் கூட்டம் கூடும்வரை மூக்கைவிட்டுப் போவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாம் வெளிவிடும் கரியமிலவாயு வெளியேறுவதற்காக முகமூடியில் சிறு துளைகள் உண்டு. 10 செ.மீ. அழுத்தத்தில் இவற்றின் வழியாக நிமிடத்துக்குச் சுமார் 35 லிட்டர் காற்று ஓயாமல் வெளியேறும். 8 மணி நேரத்துக்கு 480 நிமிடம்; 35 × 480 = 16,800 லிட்டர், அதாவது ஏறத்தாழ 17 கன மீட்டர். நீங்கள் சும்மா படுத்துத் தூங்கினால் இழுக்கும் காற்று இதில் நான்கில் ஒரு பங்குகூட வராது. காற்றில் 10 மைக்ரானுக்கு உட்பட்ட தூசி ஒரு கன மீட்டருக்கு 24 மணி நேரச் சராசரியாக 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்திய அரசு 2009-இல் வகுத்த அளவு. அந்த எல்லையில் இருக்கும் காற்று என்றே வைத்துக்கொண்டாலும், ஓர் இரவுக்கு 1.7 மில்லிகிராம், மாதத்துக்கு 51 மில்லிகிராம் தூசி கருவிக்குள் நுழையப் பார்க்கிறது. இரண்டு மூன்று அரிசி மணிகளின் எடைதானே என்கிறீர்களா? அரிசி கெட்டியானது, தூசி பஞ்சுபோல் பரவி இடத்தை அடைக்கும். தவிர, போர்வையிலிருந்து உதிரும் நூல்பிசிறும் தலைமுடியும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

இதைத் தடுப்பதற்குத்தான் கருவியின் பின்புறமோ பக்கவாட்டிலோ ஒரு சிறு கதவும், அதற்குள் வடிகட்டியும் இருக்கின்றன. பல கருவிகளில் இது இரண்டு அடுக்கு. வெளியே சாம்பல் நிற நுரைப்பஞ்சு. உள்ளே வெள்ளை அட்டைபோன்ற மெல்லிய வடிகட்டி. சில கருவிகளில் வெள்ளை மட்டும்தான்.

வடிகட்டி என்றதும் மாவுச் சல்லடை உங்கள் நினைவுக்கு வரும். நுரைப்பஞ்சைப் பொறுத்தவரை அது ஓரளவுக்குச் சரி. வெள்ளை வடிகட்டியோ சல்லடையே அன்று! அதன் இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, அது பிடிக்கும் துகள்களைவிடப் பெரிது. பிறகு எப்படிப் பிடிக்கிறது? வாடிவாசலிலிருந்து பாய்ந்து வரும் காளையை நினைத்துக்கொள்ளுங்கள். எதிரே கம்பம் இருந்தால் மனிதன் சட்டென்று ஒதுங்கிவிடுவான். வேகமாக வரும் கனமான காளையால் திரும்ப முடியாது. காற்று இழையைச் சுற்றி வளைந்து போகிறது; ஒரு மைக்ரானுக்கு மேற்பட்ட கனமான துகள் தன் சடத்துவத்தால் வளைய முடியாமல் இழையில் மோதி ஒட்டிக்கொள்கிறது.

மிகச் சிறிய துகள்கள், அதாவது 0.1 மைக்ரானுக்கும் குறைந்தவை, வேறு விதமாக அகப்படுகின்றன. 1827-இல் இராபர்ட் பிரௌன் நுண்பெருக்கியில் கண்டதும், 1905-இல் ஐன்ஸ்டீன் கணக்கிட்டு விளக்கியதுமான பிரௌனியன் இயக்கம் இங்கே வேலை செய்கிறது. காற்று மூலக்கூறுகள் நாலா பக்கமும் இடிப்பதால் இவை குடிகாரனைப்போல் தள்ளாடிச் சென்று எப்படியும் ஓர் இழையில் முட்டிக்கொள்கின்றன. பெரியதும் பிடிபடுகிறது, மிகச் சிறியதும் பிடிபடுகிறது. தப்புவது நடுத்தரம்! ஏறத்தாழ 0.3 மைக்ரான் அளவுள்ள துகள் வளைய முடியாத அளவுக்குக் கனமும் இல்லை. தள்ளாடும் அளவுக்கு இலேசும் இல்லை.

இந்தத் தந்திரசாலியைப் பிடிக்கத்தான் மின்னூட்டம் உதவுகிறது. சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்குகளை இழுத்திருக்கிறீர்கள் அல்லவா? அதேபோல் பாலிப்ரொப்பிலீன் இழைகளில் நிலைத்த மின்னூட்டத்தை ஏற்றிவிடுகிறார்கள். இத்தகைய பொருளுக்கு எலெக்ட்ரெட் என்று பெயர். காந்தம் தன் காந்தத்தன்மையை வைத்துக்கொண்டிருப்பதுபோல, எலெக்ட்ரெட் மின்னூட்டத்தை நெடுநாள் வைத்துக்கொள்ளும். வெள்ளை வடிகட்டிகளில் பல இந்த வகையைச் சேர்ந்தவை.

இதிலிருந்து ஒரு நடைமுறை விஷயம் தானாகப் புரிகிறது. நுரைப்பஞ்சைக் கழுவலாம், வெள்ளை வடிகட்டியைக் கழுவவே கூடாது. சோப்பும் சாராய வகைத் திரவங்களும் பட்டால் மின்னூட்டம் போய்விடும். இழைகளின் அமைப்பும் குலைந்துவிடும். காய்ந்த பிறகு பார்ப்பதற்குப் பளிச்சென்று இருக்கும், அவ்வளவுதான். தட்டி உதறினாலும் ஊதினாலும் ஆழத்தில் ஒட்டிய தூசி போகாது. மாதம் ஒருமுறை எடுத்துப் பார்த்து, கறுத்திருந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது போட வேண்டும். ஆடி மாதத்தில் இதைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது.

எங்கள் தெருவில், மாட்டுத்தாவணிச் சந்தைக்குக் காய்கறிச் சரக்கு ஏற்றிச்செல்லும் வேன் ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார். மருத்துவர் சொன்னபடி ஓராண்டுக்கு மேலாக இந்தக் கருவியைப் போட்டுத் தூங்கியவர், பின்பு நள்ளிரவில் அதைக் கழற்றி வைக்க ஆரம்பித்தார். "மிசின் ரொம்ப இரையுது சார், தூக்கமே வரலை" என்றார். பகலில் ஸ்டீயரிங் முன்னால் கண் சொக்குவது திரும்ப வந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அவர் மகள்தான் பின்கதவைத் திறந்து பார்த்தாள். "அப்பா, இதுக்குள்ள ஒரு பஞ்சு இருக்கு, தெரியுமா?" அவருக்குத் தெரியாது. விற்றவர்கள் சொல்லவே இல்லையாம். எடுத்துப் பார்த்தால் பழைய மிதியடி மாதிரி இருந்தது.

இரைச்சல் ஏன் வந்தது? வடிகட்டி அடைபட்டால் அதைக் கடக்கும்போது காற்றின் அழுத்தம் அதிகமாகக் குறைகிறது. இக்காலக் கருவிகளில் அழுத்தத்தை அளக்கும் உணர்வி ஒன்று உண்டு. குறைவை அறிந்ததும் அது மோட்டாரை மேலும் வேகமாகச் சுழற்றி ஈடுகட்டிவிடும். ஆகவே திரையில் '10' என்ற எண் மாறாமல் நிற்கும். எண் சரியாக இருக்கிறதே என்று நாம் இருந்துவிடுவோம். சத்தமும் சூடும் மட்டும் கூடிக்கொண்டே போகும். என்னைக் கேட்டால், எண்ணைவிடக் காதை நம்பலாம். கதவைத் திறந்து கண்ணால் பார்ப்பது அதைவிட நல்லது.

நுரைப்பஞ்சைக் கழுவும் முறை: முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். வாரம் ஒருமுறை இளஞ்சூட்டு நீரில் சிறிது சோப்பு கரைத்து அலசி, நுரை போகும்வரை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். நம் பக்கத்து ஆழ்குழாய் நீர் உப்புத் தண்ணீர். காய்ந்தால் உப்பு துளைகளில் படியும். கடைசி அலசலுக்குக் குடிநீரையே எடுத்துக்கொள்ளுங்கள். முறுக்காமல் துணியில் வைத்து அழுத்தி, நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் நுரைப்பஞ்சு சீக்கிரம் பொடியும். ஐப்பசி அடைமழையில் ஒரு நாளில் காயாது. ஈரத்தோடு மாட்டினால் பூஞ்சை பிடிக்கும். அதனால் இரண்டு பஞ்சுகளை வாங்கி மாற்றி மாற்றிப் போடுவதே உத்தமம். மாற்று இல்லை என்பதற்காகக் கைக்குட்டையையோ மெத்தைப் பஞ்சையோ வெட்டி வைக்காதீர்கள். வடிகட்டியே இல்லாமலும் ஓட்டாதீர்கள். ஓசோன் வாயுவால் சுத்தம் செய்யும் பெட்டிகளும் வேண்டாம். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் இலட்சக்கணக்கான கருவிகளை உலகெங்கும் திரும்பப் பெற நேர்ந்தது. அங்கே பொடிந்தது வடிகட்டி அன்று. சத்தத்தை அடக்க உள்ளே வைத்திருந்த வேறொரு நுரைப்பொருள். ஓசோன் அந்தச் சிதைவை விரைவுபடுத்தக்கூடும் என்று அந்நிறுவனமே அறிவித்தது.

வடிகட்டியால் முடியாததும் உண்டு. வாயுக்களை இது தடுக்காது. மூலக்கூறு இந்த இழைகளுக்கு அகப்படுவதில்லை. கொசுவர்த்தியும் ஊதுபத்தியும் விடும் புகைத்துகள்களில் பெரும்பாலானவை 0.1 முதல் 0.3 மைக்ரான் அளவில், அதாவது தப்பிச் செல்லும் அந்த நடுத்தர அளவை ஒட்டியே இருக்கின்றன. கருவி ஓடும் அறையில் கொசுவர்த்தி ஏற்றாமல் கொசுவலை கட்டுங்கள். கருவி வலைக்கு வெளியே, தரையிலிருந்து ஓரடி உயரமாவது உள்ள ஸ்டூலின் மேல், திரைச்சீலை படாத இடத்தில் இருக்கட்டும். பெருக்கும்போது கருவி ஓடக் கூடாது.

இன்னும் ஒரு வேலை, இது உங்களுக்கு. வடிகட்டியை மாட்டும் நாளன்று அதன் ஓரத்தில் பென்சிலால் தேதி போடுங்கள். கழற்றியதைக் குப்பையில் எறியாமல், சிறு பிளாஸ்டிக் உறையில் இட்டு ஒட்டி, ஒரு நோட்டில் மாத வாரியாகச் சேர்த்து வாருங்கள். ஓர் ஆண்டில் பன்னிரண்டு சேரும். லென்ஸ் வைத்து, ஆடி மாதத்துடையதையும் கார்த்திகை மாதத்துடையதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். போகி வந்த மாதத்துடையதைத் தனியாகப் பாருங்கள். அதன் நிறம் பழுப்பா, கறுப்பா என்று குறித்துக்கொள்ளுங்கள்.