காலை மிதித்தால் திணறும் கார்

என் மாமாவிடம் ஒரு பழைய அம்பாசிடர் கார் இருக்கிறது. பெட்ரோல் கார். ஆரியங்கோட்டிலும் பக்கத்து ஊர்களிலும் கல்யாணம் என்றால் அந்தக் காரைக் கூப்பிடுவார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் பழைய காரில் வருவது இப்போது ஓர் ஆசையாகி விட்டது. அந்த வாடகையில்தான் மாமாவின் குடும்பம் நடக்கிறது.

ஒரு நாள் மாமாவுடன் பாறசாலைக்குப் போனேன். திரும்பும்போது தேசிய நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டும். மாமா ஆக்சிலேட்டரை மிதித்தார். கார் உடனே நகரவில்லை. மூச்சு முட்டியதுபோல் திணறியது. பிறகுதான் பாய்ந்தது. அதற்குள் ஒரு லாரி ஹாரன் அடித்தபடி மிக அருகில் வந்து விட்டது. மாமாவின் கை நடுங்கியதைப் பார்த்தேன்.

"கார்புரேட்டர் போச்சு. புதுசு மாத்தணும்" என்றார் ஒருவர். அம்பாசிடர் கார் 1958-இல் வந்தது. 2014-இல் அதைச் செய்வதை நிறுத்தி விட்டார்கள். புது உறுப்புக்கு எங்கே போவது? காரை விற்று விடலாமா என்றுகூட மாமா யோசித்தார்.

கார்புரேட்டர் என்ன வேலை செய்கிறது? பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 15 கிலோ காற்று வேண்டும். (டீசல் அம்பாசிடரில் கார்புரேட்டர் கிடையாது. உங்கள் கார் டீசல் என்றால் இந்தப் பாடம் அதற்குப் பொருந்தாது.)

ஆக்சிலேட்டரை மிதித்தால் பெட்ரோல் பாயும் என்று நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் அப்போது திறப்பது காற்றுக்கான கதவு. உள்ளே போகும் காற்றுதான் பெட்ரோலை இழுத்துக் கொண்டு போகிறது. திடீரென்று மிதித்தால் காற்று முந்தி ஓடி விடும். பெட்ரோல் கனமானது. அது பிந்தி வரும். அந்த நேரம் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. அடுப்பில் சிறு தீயைப் பலமாக ஊதினால் அணைந்து விடும் அல்லவா? அதுபோலத்தான் இன்ஜினும் திணறுகிறது.

இதைத் தடுக்கக் கார்புரேட்டரிலேயே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மாமாவின் காரில் இருப்பது எஸ்.யு. வகை. அதன் தலையில் கிண்ணத்தைக் கவிழ்த்ததுபோல் ஒரு பகுதி இருக்கும். உள்ளே ஒரு பிஸ்டன் மேலும் கீழும் போகும். அது சட்டென்று எழும்பக் கூடாது. எழும்பினால் காற்றின் இழுப்பு குறையும், பெட்ரோல் வராது. பிஸ்டனை மெதுவாக எழச் செய்வது உள்ளே இருக்கும் கொஞ்சம் எண்ணெய்தான்.

மெக்கானிக் அண்ணன் வந்து அந்தக் கிண்ணத்தின் மேல் மூடியைத் திருகி எடுத்தார். உள்ளே எண்ணெய் வற்றிப் போயிருந்தது.

"எத்தனை நாளாச்சு மாமா இதத் திறந்து?"

"இதத் திறக்கணும்னே எனக்குத் தெரியாதே தம்பி!"

அண்ணன் பிஸ்டனை விரலால் தூக்கி விட்டார். 'டக்' என்று கீழே விழுந்தது. விழாமல் ஒட்டிக் கொண்டால் கழற்றித் துடைக்க வேண்டுமாம். பிறகு 20 நம்பர் எண்ணெய் சிறிது ஊற்றினார். மூடியை மாட்டினார். திணறல் போய் விட்டது.

பிரீமியர் பத்மினி போன்ற கார்களில் சோலக்ஸ் வகை இருக்கும். அதில் வேறு வழி. ஒரு சிறு பம்ப் கூடுதல் பெட்ரோலைப் பீச்சும். இன்ஜினை நிறுத்தி விட்டு, காற்று வடிகட்டியைக் கழற்றுங்கள். கார்புரேட்டரின் வாயைப் பார்த்தபடி லீவரைத் தள்ளுங்கள். பெட்ரோல் பீச்ச வேண்டும். பீச்சாவிட்டால் துளை அடைத்திருக்கும், அல்லது பம்பின் சவ்வு கிழிந்திருக்கும்.

இப்போது சவ்வு கெடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2025-இல் நம் நாட்டில் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் நிலை வந்து விட்டது. பழைய கார்களின் ரப்பர் இதற்காகச் செய்யப்பட்டதல்ல. அது இளகும், வெடிக்கும். பெட்ரோல் குழாய்களையும் பார்த்துக் கொள்ளுங்கள். அவை கசிந்தால் தீப்பிடிக்கும்.

இவை சரியாக இருந்தும் திணறினால்? கார்புரேட்டர் இன்ஜினோடு சேரும் இடத்தில் காற்று கசியலாம். இன்ஜின் ஓடும்போது அந்த மூட்டில் சிறிது தண்ணீர் தடவுங்கள். ஓசை மாறினால் கசிவு அங்கேதான். சிலர் பெட்ரோலைத் தெளித்துப் பார்ப்பார்கள். சூடான இன்ஜினில் அது உயிருக்கே ஆபத்து. பீடி, தீக்குச்சி எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். நுனி வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம். இளம் பழுப்பாக இருந்தால் கலவை நன்றாக இருக்கிறது. அப்போது பாயிண்டையும் டைமிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் திருகாதீர்கள். ஒன்றைச் சரி செய்து, ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்தது. இல்லாவிட்டால் எது குறை என்றே தெரியாது.

மாமா இப்போது மாதம் ஒரு முறை அந்த மூடியைத் திறந்து பார்க்கிறார். எண்ணெய் பார்த்த தேதியை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார்.